தொட்டியில் சாய்ந்த சைக்கிள்

"நிறுத்துங்க... நிறுத்துங்க!"

லாரி நின்றுகொண்டுதான் இருந்தது. அதனால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கண்ணாடியில் மழை வழிந்தது. வைப்பர் ஒரு பக்கம் போனால் திரும்பி வர யோசிக்கிற ரகம். அது போய் வருகிற இடைவெளியில் ஒரு முகம் தெரிந்தது... மறைந்தது... மறுபடியும் தெரிந்தது. நனைந்த தலை, நனைந்த சட்டை, ஏதோ உயிர் போகிற காரியம் என்பதுபோல் விரிந்த இரண்டு கண்கள்.

ஜன்னலை இறக்கினாள்.

"நின்னுட்டுத்தானே சார் இருக்கு? இன்னும் எப்படி நிறுத்தறது?"

"லாரிய சொல்லலீங்க! பின்னாடி... பின்னாடி அது கடிக்குது!"

குப்பை லாரியின் பின்புறத்தில் ஓர் இரும்புத் தகடு உண்டு. தொட்டியிலிருந்து விழுவதை அமுக்கி உள்ளே தள்ளுவது அதன் வேலை. லாரியில் வேலை செய்கிறவர்கள் அதை 'வாய்' என்பார்கள். அந்த வாய்க்குப் பக்கத்தில்தான் ரேடியோ அக்கா நிற்பாள். தொட்டிகளை உருட்டி வந்து மாட்டுகிறவள். ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர். இப்போது அந்த ரேடியோவின் சத்தத்தையே காணோம்.

ஐயோ... அக்கா கை!

வாயை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை ஓங்கிக் குத்தினாள். பின்னால் இயந்திரத்தின் முனகல் நின்றது. கதவைத் திறந்து தண்ணீரில் குதித்து ஓடினாள். அங்கே ரேடியோ அக்கா மழைக்கோட்டுக்குள் இரண்டு கையும் முழுசாக, இடுப்பில் வைத்தபடி நின்றிருந்தாள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பேச்சில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். லாரியின் வாயில் ஒரு பழைய சைக்கிள் மாட்டியிருந்தது. முன்சக்கரம் உள்ளே, மீதி வெளியே.

"இதுக்கா?" என்றாள் டிரைவர்.

"இதுக்குத்தாங்க." அவனுக்கு மூச்சு வாங்கியது. "நல்லவேளை... முன்சக்கரத்தோட போச்சு."

"யோவ், நீ மனுஷனா? எங்க அக்கா கை மாட்டிக்கிச்சோன்னு எனக்கு உசுரே போயிடுச்சு! கடிக்குதாம்ல, கடிக்குது..."

அவன் திகைத்துப் போனான். அக்காவின் கையைப் பார்த்தான். லாரியைப் பார்த்தான். முகம் சுருங்கிவிட்டது.

"மன்னிச்சிடுங்க... எனக்கு அப்படித் தோணவே இல்ல. சைக்கிளைப் பார்த்தா எனக்கு வேற எதுவும் கண்ணுக்குத் தெரியறதில்ல."

"தெரியணும். தொட்டிக்குள்ள கிடந்தாலும் சரி, தொட்டி மேல சாஞ்சு கிடந்தாலும் சரி, அது எங்களுது. எங்க லாரிச் சட்டம் அது."

"சரிங்க. சட்டம்னா சட்டம்தான்..." அவன் தலையை ஆட்டினான். ஆனால் கை மட்டும் சைக்கிளின் பின் மட்கார்டை விடவில்லை. "இருந்தாலும் பாருங்களேன். கம்பி பிரேக்குங்க. இந்தக் காலத்துல யாரு கம்பி பிரேக் போடறாங்க? எவ்ளோ கெட்டியா இருக்கு பாருங்க."

அவள் பார்க்கவில்லை. அவளுக்குக் கோபப்படவும் தெம்பு மிச்சமில்லை. இன்னும் பாதித் தெருக்கள் பாக்கி இருந்தன. சாக்ஸுக்குள் தண்ணீர் போய்விட்டது.

"எடுத்துட்டுப் போங்க. தெருவை அடைச்சுட்டு நிக்கறோம்."

அவன் சைக்கிளை உருவி எடுத்தான். முன்சக்கரம் எட்டு போட்டதுபோல வளைந்திருந்தது. அதைப் பார்த்தும் அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"பரவால்லீங்க. முன்பல்லு ரெண்டு போன மாதிரி. கட்டிடலாம்."

"சாருக்கு என்ன வேலை?" ரேடியோவுக்குப் பேச்சு திரும்பிவிட்டது.

"பல் செட் செய்யறேங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை களைப்பிலும், அத்தனை ஈரத்திலும்... எங்கிருந்து வந்ததோ. சட்டென்று கையால் வாயை மூடிக்கொண்டாள். மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல். சின்ன வயதிலிருந்தே சிரித்தால் கை தானாக மேலே போய்விடும். ஆனால் பல் வேலை பார்க்கிறவன் கண்ணுக்கு எது தப்பும்? அவன் பார்த்துவிட்டான். பார்த்தது அவளுக்கும் தெரிந்துவிட்டது. மழை கொட்டிக்கொண்டே இருந்தது... கொஞ்ச நேரம் ஒருவரும் நகரவில்லை.

"ஏம்மா டிரைவரு," என்றாள் ரேடியோ அக்கா. "தெருவை அடைச்சுட்டு நிக்கறோம்."

*

களைப்பு அவளுக்குப் புதிதல்ல. அந்த லாரியை முன்பு ஓட்டியது அவள் அப்பா. அவர் போன பிறகு வேலை அவளுக்குக் கிடைத்தது. வேலையோடு அவருடைய முதுகுவலியும் வந்து சேர்ந்தது. விடியும் முன்பே எழுந்து, ஊர் போட்டதையெல்லாம் வாரிக்கொண்டு, ஊருக்கு வெளியே இருக்கும் கிடங்கில் கொட்டிவிட்டு வந்தால் மதியம் சாய்ந்துவிடும். சோப்பு போட்டுக் குளிப்பாள். மறுபடியும் போட்டுக் குளிப்பாள். வாடை போய்விட்டதா என்று அம்மாவிடம் கேட்பாள். "எப்பவோ போயிடுச்சுடி," என்பாள் அம்மா. அம்மா பொய் சொல்கிறாளோ என்று தோன்றும்.

இடையில் ஒரு கல்யாணம் முடிவானது. பத்திரிகை அடிக்கப் போகிற நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினார்கள். "குப்பை வண்டி ஓட்டற பொண்ணுன்னு எங்ககிட்ட சொல்லவே இல்லியே..." பெண் வீட்டில் சொல்லித்தான் இருந்தார்கள். அவர்களுக்கு அது ஏதோ ஆபீஸ் வேலை என்று கேட்டிருக்கிறது. அதன்பிறகு அம்மா அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. பேச்சை எடுத்துத் தொலைத்தால்கூட சண்டையாவது போடலாம். எடுக்காமல் இருப்பதுதான் அவளுக்குப் பாரமாக இருந்தது.

இந்த நிலையில்தான் தெருவுக்குத் தெரு, தொட்டிக்குத் தொட்டி, அந்தப் பல்லுக்காரன் தென்பட ஆரம்பித்தான். காலை வேலைக்கு உட்காரும் முன் அவனுக்கு இது ஒரு பழக்கமாம். யாராவது வீடு காலி செய்தால், மாடியை ஒழித்தால், பழைய சைக்கிள் ஒன்று தொட்டியில் வந்து விழும். எடுத்துப்போய்ச் சரிபண்ணி, கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவான்.

"குட் மார்னிங், டிரைவர் மேடம்!"

"இன்னிக்கு ஒண்ணும் கடிபடலை. போய் வேலையைப் பாருங்க."

"நான் சைக்கிளா கேட்டேன்? குட் மார்னிங்தானே சொன்னேன்."

"உங்க குட் மார்னிங்குக்கு ரெண்டு சக்கரம் இருக்கும்னு எனக்குத் தெரியும்."

அவன் சிரிப்பான். அவளும் சிரிப்பாள்... கை மேலே போகும். வண்டியை எடுத்தபிறகும் கண்ணாடியில் அவன் சின்னதாகிக்கொண்டே வருவதைப் பார்ப்பாள். பின்னால் வரும் வண்டிகளைப் பார்ப்பதற்குத்தான் அந்தக் கண்ணாடி என்பதை அவ்வப்போது மறந்துபோனாள்.

ஒருநாள் அவளே ஒரு சைக்கிளை ஒதுக்கிவைத்தாள். ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. லாரியின் பக்கவாட்டில் கயிற்றால் கட்டி, அவன் வீட்டு முன்னால் நிறுத்தி ஹாரன் அடித்தாள். அவன் கையில் பல் செட்டுக்கான மெழுகோடு ஓடி வந்தான். சைக்கிளைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான். சைக்கிளைப் பார்த்தால் வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது என்றானே... இன்று தெரிந்தது போலிருக்கிறது.

"உள்ள வந்து பாருங்களேன். கொஞ்ச நேரம்."

"இந்த ட்ரெஸ்ஸோடவா?"

"என் கொட்டகையைப் பார்த்தா உங்க ட்ரெஸ்தான் சுத்தம்னு சொல்லுவீங்க."

முன்னறையில் வரிசையாக வெள்ளை அச்சுகள். ஊரில் உள்ள வாய்களெல்லாம் அங்கே பேசாமல் உட்கார்ந்திருந்தன. பின்னால் தகரக் கொட்டகை. அங்கே கூரையிலிருந்து ரிம்கள் தொங்கின. சைக்கிள் சட்டங்கள் சுவரில் சாய்ந்திருந்தன. பல்லுக்குப் பாலிஷ் போடுகிற பொடியால்தான் ஹேண்டில்பாருக்கும் பாலிஷ். பல் சுரண்டுகிற கம்பியால்தான் பெடலுக்குள் இருக்கும் அழுக்கையும் சுரண்டுகிறானாம்.

"அந்தக் கம்பியைக் கழுவிட்டுத்தானே மறுபடி..."

"சத்தியமா அது வேற கம்பிங்க!"

ஓர் ஓரத்தில் துருப்பிடித்து, சீட்டு கிழிந்து ஒரு சைக்கிள் நின்றது. "இதை எப்பச் சரிபண்ணப் போறீங்க?" என்றாள்.

"அது என்னோடது. தினமும் அதுலதான் சுத்தறேன். மத்த சைக்கிளைப் பார்க்கவே நேரம் சரியா இருக்கு. இதை எங்க கவனிக்கறது?"

அவள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் கால் எவ்வளவு வலிக்கிறது என்று தெரிந்தது. அவன் டீ கொண்டுவந்தான். வேலையைப் பற்றிப் பேசினான். டாக்டர்கள் அச்சை அனுப்புவார்கள், இவன் பல்லைச் செய்து திருப்பி அனுப்புவான், அவ்வளவுதான்.

"இத்தனை வருஷத்துல நான் செஞ்ச பல்லைப் போட்டுட்டு ஒருத்தர் சிரிச்சு நான் பார்த்ததில்ல. என்கிட்ட வாய் மட்டும்தான் வரும், ஆள் வர மாட்டாங்க."

சொல்லிவிட்டு டீயை ஊதினான். அந்தக் கண்களில் வெளிச்சம் இருந்தது. வெளிச்சத்துக்குப் பின்னால் நிறைய தூக்கமின்மையும் இருந்தது. இவனுக்கும் என்னைப் போலவே அலுத்துப்போயிருக்கிறது... என்று நினைத்தாள். அப்படி நினைத்ததும் என்னவோ மனசு லேசாகிவிட்டது. டீ ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தாள்.

அன்று வீட்டில் குளித்துவிட்டு, வாடை போய்விட்டதா என்று அம்மாவிடம் கேட்க மறந்துபோனாள்.

*

அவன் அக்கா கெட்டவள் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வாயில் வந்ததைப் பட்டென்று சொல்லிவிட்டு, சொன்னதை அப்போதே மறந்துவிடுகிற ஜாதி. பக்கத்து ஊரிலிருந்து தம்பியைப் பார்க்க வந்திருந்தாள். டிரைவர் ஹாரன் அடித்து ஒரு சைக்கிளை இறக்கியபோது அவன் கடைக்குப் போயிருந்தான். அவன் அக்காதான் வாசலுக்கு வந்தாள்.

"நீதானாம்மா அது? வா வா. உன்னைப் பத்தி வந்ததுலேர்ந்து ஒரே பேச்சு." மேலும் கீழும் பார்த்தாள். பாசமாகத்தான் பார்த்தாள். "அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே இந்தக் குணம்மா. நொண்டி நாய், உடைஞ்ச கடிகாரம், ஓட்டை சைக்கிள்... யாரு வேணாம்னு தூக்கிப் போட்டாலும் இவனுக்கு மனசு தாங்காது, எடுத்துட்டு வந்துடுவான். உனக்கும் கல்யாணம் நின்னுபோச்சாமே? சொன்னான். கவலைப்படாதம்மா. இவன்கிட்ட வந்தது எதுவும் வீணாப் போனதில்ல."

டிரைவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள். லாரியில் ஏறினாள். கியரை இரண்டு தடவை அழுத்திப் போட வேண்டியிருந்தது.

நொண்டி நாய்... உடைஞ்ச கடிகாரம்... அப்புறம் நான்.

"என் கல்யாணம் நின்னதை அவர்கிட்ட யாரு சொன்னதுக்கா?" என்றாள் வண்டி தெருமுனை திரும்பியதும்.

பக்கத்து சீட்டில் ரேடியோ அக்கா வெளியே பார்த்தாள். "பல்லுக்காரர் கேட்டாரு... சொன்னேன். நல்ல மாதிரியாத்தான் சொன்னேன்."

"நல்ல மாதிரின்னா?"

"பாவம், நல்ல பொண்ணுன்னு..."

பாவம்! அந்த ஒரு வார்த்தையை ஊரே அவள்மேல் கொட்டியிருக்கிறது. அவனாவது கொட்டாமல் இருந்திருக்கலாம். அவன் பார்த்த பார்வை, கொடுத்த டீ, எல்லாம் அதற்குத்தானா? வேண்டாம் என்று விட்டதை எடுத்துத் துடைத்து வைப்பதற்கா? அவளுக்கு அழுகை வரவில்லை. ரொம்பக் களைப்பாக இருந்தது.

மறுநாளிலிருந்து அவன் வீட்டு முன்னால் ஹாரன் இல்லை. எந்தச் சைக்கிளையும் ஒதுக்கவும் இல்லை. ஒரு பெரிய வீட்டுத் தொட்டியில் பெண்கள் ஓட்டுகிற பழைய சைக்கிள் ஒன்று வந்தது. செயின் கவரில் பூ வரைந்திருந்தது. லாரியின் வாய் அதைக் கடித்தது. சத்தம் கேட்டு ரேடியோ அக்காவே கண்ணை மூடிக்கொண்டாள். டிரைவர் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

தெருமுனையில் அவன் கையை உயர்த்தினான்.

"டிரைவர் மேடம்! ஏங்க... நான் ஏதாவது தப்பு..."

ஜன்னல் ஏறிவிட்டது.

*

அப்படியே போயிருந்தால் ஒருவேளை எல்லாம் ஆறிப்போயிருக்கும். ஆனால் ஒரு தூறல் காலையில் ரேடியோ அக்காவுக்குக் காய்ச்சல். பின்னால் நிற்க ஒரு புது ஆள் வந்தான். டிரைவர் அவனுக்கு ரூல்ஸை மட்டும் சொல்லிக்கொடுத்தாள். தொட்டிக்குள்ள இருக்கறது, தொட்டில சாஞ்சிருக்கறது, எல்லாம் உள்ள.

அடுக்குமாடிக் குடியிருப்பின் பெரிய தொட்டி. கண்ணாடியில் பார்த்தாள். புது ஆள் தொட்டியில் சாய்ந்திருந்த எதையோ தூக்குகிறான். துருப்பிடித்த சைக்கிள் ஒன்று. தூறலில் அதற்குமேல் தெரியவில்லை.

விரல் சிவப்புப் பொத்தானின் மேல் போய் நின்றது.

யாருக்காக நிறுத்தணும்? என்றது மனசு. இன்னொரு சைக்கிளை எடுத்து, இன்னொன்றைச் சரிபண்ணி, இன்னொரு பாவம் பார்த்து...

விரலை எடுத்துவிட்டாள்.

சட்டம் முறிகிற சத்தம் கேட்டது. கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. தொட்டிக்குப் பின்னாலிருந்து ஓர் ஆள் எழுந்து வந்தான். கையில் பழைய ரிம் ஒன்று. அவன்தான். லாரியின் வாயைப் பார்த்தபடி நின்றான். கத்தவில்லை, ஓடி வரவில்லை.

அவள் கீழே இறங்கிவிட்டாள். எப்படி இறங்கினாள் என்று தெரியாது.

"அது..." என்றான். ரிம்மால் லாரியின் வாயைக் காட்டினான். "அது என்னோடதுங்க."

வாய்க்குள் ஒரு கிழிந்த சீட்டு தெரிந்தது.

"பரவால்ல. தொட்டில சாய்ச்சு வெச்சது என் தப்பு." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "சட்டம் சட்டம்தானே..."

ரிம்மைக் கையில் பிடித்தபடி தூறலில் நடந்து போனான். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று மீதித் தெருக்களை அவள் எப்படி முடித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை.

*

கிடங்கில் கொட்டிவிட்டால் எந்தக் குப்பை எந்த லாரியுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அன்று அவள் வழியில் மெத்தைக் கடை ஒன்று பழைய பஞ்சையெல்லாம் போட்டிருந்தது. எங்கே மஞ்சள் பஞ்சு தெரிகிறதோ அங்கே தன் லோடு. ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், கொக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு அந்த மேட்டில் ஏறினாள்.

"என்னம்மா தேடறே?" புல்டோசர் ஓட்டுகிறவர் இன்ஜினை அணைத்தார். "நகையா?"

"சைக்கிள்ணே."

"சைக்கிளா? உனக்கென்ன பைத்தியமா? இந்த மேட்டை நிரவி விட்டாச்சுன்னா நான் கெளம்பிடுவேன்."

"கொஞ்சம் பொறுங்கண்ணே. தயவுசெஞ்சு..."

ஹேண்டில்பார் முதலில் கிடைத்தது. அதைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. கொக்கியை வீசிவிட்டுக் கையால் தோண்டினாள். கையுறை கிழிந்தது. உள்ளங்கையில் கம்பி குத்தியது. கண்ணில் நீர் வந்தது, வாடையினால் என்று சொல்லிக்கொண்டாள். ஊர் வீசியதை ஊருக்காகக் கொட்டுகிறவள், வாழ்நாளில் முதல் தடவையாகக் கொட்டியதில் ஒன்றைத் திரும்ப எடுத்தாள். கடைசியில் புல்டோசர்காரரே முணுமுணுத்துக்கொண்டு இறங்கி வந்து ஒரு பக்கம் பிடித்து இழுத்தார்.

மடிந்து கிடந்த அந்த இரும்பைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக் கதவைத் தட்டியபோது வெயில் இறங்கியிருந்தது. அவன்தான் திறந்தான். கையெல்லாம் வெள்ளைப் பொடி.

"எங்கேர்ந்து இது..." என்று ஆரம்பித்தவன் அவள் கையைப் பார்த்தான். "ஐயோ, ரத்தம்!"

"அதை விடுங்க. ஒண்ணு சொல்லணும். சொல்லிட்டுப் போயிடறேன்." இரும்பை இறக்கி வைத்தாள். "நான் கண்ணாடில பார்த்தேன். உங்களுதுன்னு தெரியாது. ஆனா சைக்கிள்னு தெரிஞ்சுது. தெரிஞ்சும் பட்டனை அமுக்கல. வேணும்னேதான்."

அவன் உள்ளே போய்த் தண்ணீரும் துணியும் எடுத்துவந்தான். படிக்கட்டில் அவளை உட்கார வைத்து, கையைக் கழுவிக் கட்டினான். பல்லைப் பிடிக்கிற அந்த விரல்கள் வலிக்காமல் பிடித்தன. அப்புறம் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தி, மடிந்த இடத்தைத் தடவிப் பார்த்தான்.

"இது ஆகாதுங்க."

"ஆகும். நீங்க பண்ணுவீங்க. இதைவிட மோசமானதையெல்லாம்..."

"எல்லாத்தையும் சரிபண்ண முடியாது. குழாய் மடிஞ்சிடுச்சு. நிமிர்த்தினா அங்கேயே விட்டுடும். பழைய இரும்புக்குத்தான் போடணும்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்! அவளுக்கு அடக்கிவைத்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்துவிட்டது.

"அப்ப என்னை மட்டும் எதுக்கு... என்னையும் சரிபண்ணிடலாம்னுதானே நினைச்சீங்க? நொண்டி நாய் மாதிரி, ஓட்டை சைக்கிள் மாதிரி? உங்க அக்கா சொன்னாங்க. வேணாம்னு விட்டதையெல்லாம் எடுத்துட்டு வருவானாம் என் தம்பி... நான் யாரும் தூக்கிப் போட்ட சாமான் இல்லீங்க. குப்பை வண்டி ஓட்டறேன். குப்பை இல்ல."

அவன் முகம் வெளுத்தது. பிறகு காது சிவந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக அவனுக்குக் கோபம் வந்தது.

"அக்கா அப்படியா சொன்னா? உங்க கல்யாணம் நின்னதை நான் அக்காகிட்ட சொன்னது நிஜம். எதுக்குச் சொன்னேன்னு கேளுங்க."

"எதுக்கு?"

"சந்தோஷத்துல சொன்னேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தப்புதான்," என்றான். "ஒருத்தங்க பட்ட கஷ்டத்தைக் கேட்டு சந்தோஷப்படறது பெரிய தப்பு. ஆனா ரேடியோ அக்கா சொன்னப்ப, அப்பாடா, இன்னும் இங்கதான் இருக்காங்கன்னு தோணுச்சு. நின்னுபோச்சே, நின்னுபோச்சேன்னு சைக்கிளைத் தள்ளிட்டு வீடு வரைக்கும் பாடிட்டு வந்தேன். அக்காகிட்ட அதைச் சொன்னா, அவ ஏதோ நான் பரிதாபப்படறேன்னு நினைச்சுக்கிட்டா போல."

"பாவம்னு... நினைக்கலையா?"

"எனக்கு என்மேலதாங்க பாவமா இருந்துச்சு! நாள் பூரா பேசாத வாய்ங்ககூட உட்கார்ந்திருக்கறேன். காலையில உங்க லாரி சத்தம் கேட்டாத்தான் யாரோ என்கிட்ட பேசப்போறாங்கன்னு இருக்கும். கொட்டகையைப் பார்த்தீங்கல்ல? கால் வைக்க இடமில்ல. எனக்கு இனிமே சைக்கிளே வேணாம். இருந்தும் தினமும் தொட்டி தொட்டியா நின்னேனே, சைக்கிளுக்கா நின்னேன்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏதோ ஒன்று இடித்தது.

"அப்ப இன்னிக்கு... தொட்டிக்குப் பின்னாடி?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீங்கதான் என்னைப் பார்த்தாலே ஜன்னலை ஏத்திடறீங்களே. சைக்கிளைச் சாய்ச்சு வெச்சுட்டு, பின்னாடி ஒளிஞ்சிருந்தா, அதைப் பார்த்து நீங்க இறங்கினதும் பேசிடலாம்னு... குந்தியிருந்தேன்."

"அந்த ரிம்மு?"

"கையில ஏதாவது இருக்கணுமேன்னு எடுத்தேன். நல்ல ரிம்முகூட இல்ல அது."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. என்னைப் பார்க்க ஒளிந்திருந்தவனுடைய சைக்கிளை, அவன்மேல் இருந்த கோபத்தில் நானே... கடவுளே! இவனை மாதிரி ஓர் அசடு உலகத்தில் உண்டா? என்னை மாதிரி ஒருத்தியும் உண்டா?

"என்கிட்ட நேரா வந்து கேட்டிருக்கலாம்ல?"

"பயமா இருந்துச்சு. முதல் நாளே யோவ்னு கூப்பிட்டீங்க."

அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். இடையில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகு அந்த இடம் இருவருக்கும் தேவைப்படவில்லை.

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்குங்க," என்றான். "உங்ககிட்ட சரிபண்ண எதுவும் இல்ல. இருந்தாலும் நான் தொட மாட்டேன். என்னைக் கல்யாணம் பண்ணிக்கறீங்களான்னு கேட்கணும்... எப்படிக் கேட்கறதுன்னுதான் தெரியல."

"இப்பக் கேட்டாச்சு."

"ஓ... ஆமால்ல."

அவள் நனைந்த பூட்ஸைக் கழற்றிக் கீழே வைத்தாள். விடியும் முன்பிலிருந்து நின்ற கால்கள். உள்ளங்கை விண்விண் என்று தெறித்தது. தன்மேல் கிடங்கின் வாடை அடிப்பது அவளுக்கே தெரிந்தது. அவன் நகரவில்லை.

"நானும் பதில் சொல்லணும்," என்றாள் மெதுவாக. "நிறைய சொல்லணும். உங்களை எப்பலேர்ந்து பிடிச்சுது, எவ்ளோ பிடிக்கும்... எல்லாம். ஆனா இன்னிக்குத் தெம்பில்லீங்க. இப்பச் சொன்னா ஒழுங்கா வராது. நாளைக்குச் சொல்லட்டுமா?"

அவன் அவளைப் பார்த்தான். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டான்.

"நாளைக்கே சொல்லுங்க."

"மறக்க மாட்டேன்."

"தெரியும்."

அவள் தலை மெல்ல அவன் தோளில் சாய்ந்தது. சட்டையிலிருந்த வெள்ளைப் பொடி கன்னத்தில் ஒட்டியது. கண்கள் தாமாக மூடிக்கொண்டன. "நிச்சயமா சொல்லிடறேன்..." என்று முணுமுணுத்தாள், பாதித் தூக்கத்தில். அவன் தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஓர் அவசரமும் இல்லை.